உப்புக் காப்பி

உப்பளத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. விடியும் முன் வீட்டில் ஒரு பெரிய டம்ளர் கடுங்காப்பி குடிப்பார்கள். பால் கிடையாது. அதன் பிறகு வேலை முடிந்து வீடு திரும்பும்வரை எதுவும் குடிக்க மாட்டார்கள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் ஒதுங்க இடம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான். மறைவுக்கு ஒரு முள்செடி வேண்டும் என்றால்கூட ரோட்டுக்கு வர வேண்டும். எல்லாப் பக்கமும் ஆண்கள் பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள்.

சுனாமி நிவாரணத்தில் வந்த நீலத் தார்ப்பாய் ஒன்றை நான்கு கழிகளில் கட்டி, பெண்கள் ஒரு மறைப்பு செய்தார்கள். கொஞ்ச நாள் இருந்தது. கோடை மழை வந்த அன்று மேஸ்திரி அதை அவிழ்த்துக்கொண்டு போய் உப்பு அம்பாரத்தின் மேல் போட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உப்பு நனைந்தால் கரைந்துவிடும்.

காப்பி தாகத்தை அடக்கும் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். அது உண்மையும்கூட. யாருக்காவது வெயிலில் தலை சுற்றினால் வரப்பில் உட்காரவைத்து, தூக்குவாளியில் இருக்கும் ஆறிய காப்பியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கொடுப்பார்கள். குடித்தவர்கள் எழுந்து போய்க் கூடையைத் தூக்குவார்கள். எழாமல் போனவர்களை யாரும் பார்த்ததில்லை.

சாலம்மாளின் மகள் அமுதவல்லி பத்தாம் வகுப்பு விடுமுறையில் முதன்முதலாக உப்புக் கூடை தூக்கினாள். அன்று சாலம்மாள் அடுப்பில் இரண்டு டம்ளருக்கு வெந்நீர் வைத்தாள். அப்பா ஏற்கெனவே இறந்திருந்தார். அவர் இடத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

*

கல்லூரி, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது. அமுதவல்லி வேதியியல் எடுத்தாள். அங்கே போன பிறகுதான் காப்பியை வேறு காரணத்துக்காகவும் குடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த கடையில் காப்பி மெஷின் வந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் நுரையோடு ஒரு சின்னக் கப்பில் ஊற்றும். பரீட்சை நெருங்கினால் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. ஒரு கையில் கப், ஒரு கையில் ஜெராக்ஸ் நோட்ஸ். எத்தனை கப் குடித்தோம் என்பதை எத்தனை பாடம் முடித்தோம் என்பதைப்போலச் சொல்லிக்கொள்வார்கள். தூங்காமல் இருந்தவன் படித்தவன். தூங்கிவிட்டேன் என்று சொல்பவனை எல்லாரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அந்தக் கணக்கில் அமுதவல்லியை யாராலும் மிஞ்ச முடியவில்லை. அவள் அந்தச் சின்னக் கப்புகளைத் தண்ணீர்போல விழுங்கினாள். வீட்டிலிருந்து பாட்டிலில் கடுங்காப்பியும் கொண்டுவந்தாள். கல்லூரியிலும் தண்ணீர் குடிக்கவில்லை. பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு இருந்தது, சாவி ஆபீசில் இருந்தது. அதைக் கேட்டு வாங்க ஆபீசில் உட்கார்ந்திருந்த ஆண்களின் எதிரே நிற்க வேண்டும். அவள் ஒருமுறை நின்றாள். பிறகு நிற்கவில்லை.

அவள் வகுப்பில் படித்த ஜெயசீலன், வழியில் பிரம்மதேசம் என்ற ஊரில் பேருந்து ஏறுவான். கொஞ்சம் நெல், கொஞ்சம் மணிலாக் கடலை என்று நிலம் வைத்திருந்த வீட்டுப் பையன். அவனும் காப்பி குடிப்பான். ஆனால் பேருந்தில் ஏறியதும் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். இறங்கியதும் குழாயடியில் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பான்.

"உன்ன ஊசியால குத்தினா ரத்தம் வராது, டிகாஷன்தான் வரும்" என்று ஒருநாள் சொன்னான்.

"வந்தா ஒரு கப்பு புடிச்சிக்கோ" என்றாள்.

கடைசி வருஷ நவம்பர் பரீட்சைக்கு அவள் அப்படித்தான் தயாரானாள். முழு நாளும் விழித்திருந்தாள், முழு இரவும் விழித்திருந்தாள். பக்கங்களைப் புரட்டினாள். புரட்டிய பக்கத்துக்குத் திரும்பி வந்தாள். கண் திறந்திருந்தது. பரீட்சை அறையில் கேள்விகளைப் பார்த்தபோது எல்லாமே தெரிந்தவையாக இருந்தன. எதற்கு எது பதில் என்பதுதான் தெரியவில்லை. பேனா பிடித்த கை நடுங்கியது. இயற்பியல் வேதியியல் தாளில் தோற்றாள். அரியர் விழுந்தது.

இன்னும் கொஞ்சம் விழித்திருந்தால் பாஸாகியிருப்போம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

*

தை மாதம் அமுதவல்லியைக் கூட்டிவரப் பலராமன் ஆள் அனுப்பினார். அவருக்குப் பல ஏக்கரில் உப்பளம் இருந்தது. அயோடின் கலக்காத உப்பை விற்கக் கூடாது என்று சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரம். அவர் அயோடின் கலக்கும் மெஷின் வாங்கி ஒரு கொட்டகை போட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் உப்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேதியியல் படித்த ஆள் வேண்டும். புதுச்சேரியிலிருந்து ஆள் வைத்தால் நிற்கமாட்டான். இந்த ஊர்ப் பெண் என்றால் நிற்கும்.

கொட்டகையை ஒட்டி ஓர் அறை கட்டியிருந்தார். மேசை, ஃபேன், சொட்டு அளந்து விடும் ப்யூரெட் குழாய், கண்ணாடிக் குடுவைகள். மாதிரிக்குக் கொஞ்சம் உப்பைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்.

அமுதவல்லி உப்பைக் கரைத்தாள். ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் ஸ்டார்ச் விட்டதும் நீலம் வந்தது. இனி ப்யூரெட்டிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். நீலம் மறைகிற சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்குத் தப்பு. அவள் வலது கை நடுங்கியது. இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நீலம் மறைந்தது. நிறுத்தினாள்.

பலராமன் நடுக்கத்தைப் பார்த்தார். பயம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் பரீட்சையில் அரியரை முடித்துவிட்டு வரச் சொன்னார். டிகிரி இல்லாத ஆள் கையெழுத்துப் போட முடியாது. ரிசல்ட் வரும்வரை வேறு யாரையும் வைக்கமாட்டேன், அதற்கு மேல் தாங்காது என்றார்.

கை கழுவ வேண்டும் என்று அமுதவல்லி கேட்டாள். அறையின் பின்பக்கம் ஒரு கதவைக் காட்டினார். உள்ளே கழிப்பறை. பக்கெட், மக், குழாய். கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள், பெயின்ட் வாசனை போகவில்லை. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு, போக வேண்டிய அவசரம் எதுவும் இல்லாமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வெளியே மெஷின் ஓடியது. யாரும் கதவைத் தட்டவில்லை.

வீட்டில் ஃபேனைப் பற்றிச் சொன்னாள். மேசையைப் பற்றிச் சொன்னாள். மறுநாள் சாலம்மாள் உப்பளத்தில் எல்லாரிடமும் சொன்னாள். கதவைப் பற்றி அமுதவல்லி யாரிடமும் சொல்லவில்லை.

*

ஏப்ரலில் படிப்பதற்கு விடுமுறை விட்டார்கள். உப்பு நன்றாக விளைகிற மாதமும் அதுதான். அந்த நேரம் பார்த்து சாலம்மாளின் குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கிச் சீழ் பிடித்தது. கால் ஊன்ற முடியவில்லை. ஆள் வராவிட்டால் அந்தப் பாத்தியை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார்.

அமுதவல்லி போனாள். விடியும் முன் காப்பி. வெயில் உச்சிக்கு வரும்வரை கூடை. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுப் புத்தகத்தோடு சுவரில் சாய்வாள். கண் செருகும். சாலம்மாள் நொண்டிக்கொண்டே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு பாடத்துக்கு ஒரு டம்ளர். சில நாள் ஒரு பக்கத்துக்கு ஒரு டம்ளர்.

சாலம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் படிக்கிறாளா இல்லையா என்பதை அவள் கண்ணை வைத்துத்தான் பார்த்தாள். கண் திறந்திருந்தால் படிக்கிறது. மூடினால் காப்பி வேண்டும். எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "கண்ணு மூடாம படிக்குது" என்றாள்.

உண்மையில் கண் மூடவில்லை. படுத்தாலும் மூடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது.

முதலில் சிறுநீர் எரிந்தது. வெயில் காலத்தில் உப்பளப் பெண்கள் எல்லாருக்கும் எரியும். அதை ஒரு நோய் என்று யாரும் சொன்னதில்லை. பிறகு இடுப்புக்கு மேலே, முதுகில் இரண்டு பக்கமும் வலித்தது. கூடை தூக்கினால் வலிக்கத்தான் செய்யும். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். குளிர் காய்ச்சல் வந்து போனது. ஒருநாள் வரப்பில் தலை சுற்றி உட்கார்ந்தாள். கூட இருந்தவர்கள் உப்புக் காப்பி கொடுத்தார்கள். எழுந்துவிட்டாள்.

அதை வீட்டில் வந்து சொன்னாள். அன்றிலிருந்து சாலம்மாள் எல்லா டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள்.

குடித்ததும் தலை தெளிந்தது. ஒவ்வொரு முறையும் தெளிந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் குடித்தாள்.

*

கடைசியாக அரியர் தாள், பிற்பகல் பரீட்சை. அன்று உப்பளத்துக்குப் போக வேண்டாம் என்று சாலம்மாள் சொல்லிவிட்டாள். பாட்டில் நிறையக் காப்பி கலந்து, உப்புப் போட்டு, மூடியை இறுக்கிக் கொடுத்தாள். காலை ஊன்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்தாள்.

"எழுதிட்டு வா. அப்புறம் எத்தினி நாள் வேணும்னாலும் தூங்கு" என்றாள்.

பிரம்மதேசத்தில் ஏறிய ஜெயசீலன் அவளைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றான். அவனுக்கும் அதே தாளில் அரியர் இருந்தது.

"மூஞ்சி ஏன் இப்படி ஊதியிருக்குது?"

"தூங்கலை."

"தூங்காதவங்களுக்குக் கண்ணுதான் செவக்கும். இது ஊதியிருக்குது. காலைப் பாரு, செருப்பு வார் பதிஞ்சிருக்குது."

பரீட்சை முடியட்டும் என்றாள். அவன் நோட்ஸை எடுத்துப் பிரித்தான். அவனுக்கும் பரீட்சை.

கடையில் எல்லாரும் கப்போடு நின்றார்கள். அவளும் நின்றாள். வாயில் உலோகத்தை வைத்ததுபோல ஒரு ருசி. காப்பியின் ருசி தெரியவில்லை.

பரீட்சை அறைக்குள் போகும் முன் மற்ற பெண்கள் ஆபீசில் சாவி கேட்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டார்கள். அமுதவல்லி அதில் சேரவில்லை. முந்தைய நாள் மாலையிலிருந்து அவளுக்குப் போக வேண்டும் என்றே தோன்றவில்லை. அது நல்லது என்று நினைத்தாள். மூன்று மணி நேரம் தொந்தரவு இல்லை.

கேள்விகள் தெரிந்தவை. வினை வேகம் பற்றி ஒன்று, மின்கலம் பற்றி ஒன்று, கரைசல்கள் பற்றி ஒன்று. அவள் எழுதினாள். இந்த முறை கை ஓடியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். சமன்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள். மேற்பார்வைக்கு நின்றவர் அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் தாள்களை நூலில் கட்டிக் கொடுத்தாள். பாஸ் என்று நினைத்தாள்.

திரும்பும் பேருந்தில் ஜெயசீலன் கேள்வித்தாளை விரித்தான். வினை வேகத்தைச் சுமாராக எழுதியதாகச் சொன்னான். மின்கலத்துக்கு என்ன எழுதினாய் என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வரி, அடுத்த வரி, மடக்கை.

"அது வினை வேகத்துக்கு. மின்கலத்துக்குக் கேக்கறேன்."

அவள் கேள்வித்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கரைசல்களுக்கு என்ன எழுதினோம் என்று யோசித்தாள். அதே முதல் வரி. அதே மடக்கை. ஒரே பதிலை மூன்று கேள்வி எண்கள் போட்டு மூன்று முறை எழுதியிருந்தாள். கூடுதல் தாள் வாங்கி எழுதியிருந்தாள்.

ஜெயசீலன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திருத்துபவர் பார்த்து ஏதாவது போடுவார் என்று சொன்னான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிரம்மதேசத்தில் இறங்கும்போது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்றான்.

அவள் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். சாலம்மாள் உப்புக் காப்பி கொடுத்தாள். அது உள்ளே நிற்கவில்லை. இன்னொரு டம்ளர் கொடுத்தாள். அதுவும் நிற்கவில்லை. காலையில் அமுதவல்லி அம்மாவைப் பார்த்து, நீலம் இன்னும் மறையவில்லை என்றாள். எந்த நீலம் என்று சாலம்மாளுக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ கூப்பிட்டார்கள்.

*

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் டாக்டர் சாலம்மாளை உட்காரவைத்துப் பேசினார். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன. இது ஒரு மாதத்தில் வந்ததில்லை, பல வருஷமாக ஆகியிருக்கிறது. கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்து கடைசியாக மிச்சமிருந்ததையும் கெடுத்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

"தண்ணி எவ்ளோ குடிப்பாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"குடிக்கிறதில்லைங்க."

"குறைவா குடிப்பாங்களா?"

"குடிக்கிறதில்லைங்க. உப்பளத்துல யாரும் குடிக்கமாட்டோம். ஒதுங்க எடம் இல்லை. காப்பி குடிச்சிட்டுப் போவோம், தாகம் தெரியாது. படிக்கும்போதும் காப்பிதான். தூக்கம் வரக் கூடாதுன்னு நான்தான் போட்டுக் குடுத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது தப்புங்களா?" என்று சாலம்மாள் கேட்டாள்.

காப்பி விஷம் இல்லை என்று டாக்டர் சொன்னார். நானும் படிக்கும்போது குடித்திருக்கிறேன் என்றார். உடம்பு தண்ணீர் கேட்டிருக்கிறது, தூக்கம் கேட்டிருக்கிறது, கேட்டது வெளியே தெரியாமல் போய்விட்டது என்றார். உப்புப் போட்டது பற்றி சாலம்மாள் சொல்லவில்லை.

"இனிமே நிறைய தண்ணி குடுக்கறேங்க."

"இனிமே குடுக்கக் கூடாதும்மா. தண்ணி வெளிய போகாது. உள்ளயே நின்னா நெஞ்சில ஏறிடும். நர்ஸ் அளந்து சொல்ற அளவுதான். உப்பு சேக்கவே கூடாது."

வார்டில் அமுதவல்லியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை இருந்தது. பெண்களுக்கானது. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. மற்ற நோயாளிகள் போய்வந்துகொண்டிருந்தார்கள். கதவு திறக்கும் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் பகல் முழுக்கக் கேட்டன. அவளுக்குப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

தாகம் மட்டும் வந்தது. இத்தனை வருஷம் தெரியாத தாகம்.

*

ரிசல்ட் வந்த வாரம் ஜெயசீலன் வந்தான். கையில் ஆரஞ்சுப் பழங்கள். இந்த நோய்க்கு ஆரஞ்சு சாப்பிடக் கூடாது என்று சாலம்மாள் சொன்னாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

அவன் பாஸ். அவள் நவம்பரில் இன்னொரு முறை எழுதலாம் என்றான். அவள் தலையாட்டினாள். முகம் வீக்கம் வடிந்து ஒட்டிப்போயிருந்தது. கழுத்தில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

"டிகாஷன்தான் வருதா?" என்று அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள், "ரத்தம்தான் வருது. பாத்துட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் ஆரஞ்சுகளை உருட்டிக்கொண்டிருந்தான்.

"பலராமன் கூப்ட்டிருந்தாரு" என்றான். "சட்டம் வந்துட்டுதாம். ஆள் இல்லாம லாரி நிக்குதுன்னாரு. நீ வர்ற வரைக்கும் பாத்துக்கோன்னாரு. திங்கக்கெழமைலேர்ந்து போய்ட்டிருக்கேன்."

சாலம்மாள் அவனைப் பார்க்காமல் எழுந்து, சுத்தமாக இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

"நல்லது" என்றாள் அமுதவல்லி. "கடைசிச் சொட்டு மெதுவா விடு. ஸ்டார்ச் அன்னன்னிக்குப் புதுசா காய்ச்சிக்கோ."

"ம்."

"அந்த ரூமுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்குமே."

"ஆமா, பாத்ரூம்."

"தாழ்ப்பா நல்லா விழுதா?"

அவனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. தாழ்ப்பாளை அவன் பார்த்ததில்லை.

"அதுல கெமிக்கல் டப்பாலாம் அடுக்கி வச்சிருக்கோம். வெளிய வச்சா ஈரம் பட்டுடுதுன்னு அவர்தான் சொன்னாரு. நான் ரோட்டுப் பக்கம் போய்ட்டு வந்துடுவேன்."

அமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கப்போகிறாள் என்று நினைத்து அவன் எழுந்தான். பழங்களை எடுத்துக்கொண்டு போனான்.

சாயந்திரம் நர்ஸ் அளந்து வைத்த தண்ணீரை சாலம்மாள் கொடுத்தாள். அரை டம்ளர்கூட இல்லை. அமுதவல்லி அதை ஒரே வாயில் விழுங்காமல் நாக்கில் வைத்திருந்தாள்.

மறுநாள் சாலம்மாள் மரக்காணத்துக்குப் போனாள். கால் முழுதாக ஆறவில்லை. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்துபோகக் கூலி வேண்டும். அதற்கடுத்த நாள் விடியும் முன் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு டம்ளருக்கு வெந்நீர் வைத்தாள். காப்பித்தூள் போட்டாள். குடித்தாள். கூடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தாள்.